எள்ளுருண்டை விரதம்

அந்த மடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் மண்டலம் முழுக்க எள்ளுருண்டையும் கீரையும் மட்டும்தான் சாப்பிட வேண்டும். நடுவில் விட்டவனுக்கு வாசலுக்கு வெளியேதான் இலை. அப்புறம் அவன் உள்ளே வர முடியாது.

கலியவரதன் ஐம்பது வயது வரை கடலுக்குப் போனவர். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர், அதை அடியோடு விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். வந்த வாரமே உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்தது. ராப்பகலாக அரிப்பு.

"தின்ன மீனெல்லாம் தோல் வழியா வெளிய வருது. பாவம் கழியுதுய்யா, பொறுத்துக்கும்" என்றார் சமையல்கட்டுக்குப் பொறுப்பான சடையப்பத் தம்பிரான்.

சொல்கிறவருக்கு என்ன, சொறிகிறவருக்கல்லவா தெரியும்! ஆனால் கலியவரதனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. புயலுக்கே பணியாத ஆள் அரிப்புக்குப் பணிவாரா? எள்ளுருண்டையை ஒன்றுக்கு இரண்டாகத் தின்ன ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலை உதடு வீங்கி, மூச்சும் லேசாக இழுத்தது. அப்போதும் அடுத்த உருண்டை கையில் இருந்தது. மடத்தின் குரு திலகவதி அம்மைக்குச் செய்தி போனது. சீடரைவிட வயதில் இளையவர் அவர். வைத்தியருக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"வெறும் கீரை தின்னா அரிக்குதா?"

"இல்ல தாயே."

"உருண்டை தின்னா?"

"தின்ன கொஞ்ச நேரத்துல கிளம்பிடும்."

"அப்போ அதை விட்டுடுங்க. கஞ்சி குடிங்க."

"மாட்டேன்! தோல் உரிஞ்சு தொங்கினாலும் விட மாட்டேன். கலியவரதன் தோத்துட்டான்னு நாலு பேர் சொல்லவா?"

தம்பிரான் கனைத்தார். "விரதம் முறிஞ்சா வெளியதான் இலை அம்மா. நாளது வரைக்கும் அதுதான் வழக்கம்."

"சரி. எனக்கும் சேர்த்து ரெண்டு இலையா வெளிய போடுங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. அம்மை விறுவிறுவென்று நடந்துபோய், வாசலுக்கு வெளியே சுடுகிற மண்ணில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கலியவரதன் பதறிப்போய், கையில் இருந்த உருண்டையோடு பின்னாலேயே வந்தார். பயத்தைவிட அவருக்குக் கோபம்தான் அதிகம்.

"எனக்காக நீங்க வெளிய உக்காரக் கூடாது தாயே. எழுந்திரிங்க. உசுரே போனாலும் நான் விடப்போறதில்ல."

அம்மை எழுந்திருக்கவில்லை.

"மீனை எதுக்கு விட்டீங்க?"

"இனி ஒரு உசுரைக் கொல்லக் கூடாதுன்னுதான்."

"அந்த விரதத்தை விடாதீங்க" என்றார் அம்மை. "கையில இருக்கிறதைக் கீழ வைங்க."