தலைகீழாக நட்ட உளுந்து

அரைவாய்க்கால் ஊரில் சொன்ன சொல்லை மீறியவர் ஒருவருமில்லை. ஊர் கெட்டதே அதனால்தான்.

அங்கே வைத்திலிங்கம் அரை மா நிலத்தில் உளுந்து போட்டிருந்தார். இந்த வெள்ளாமையும் பாழானால் நிலத்தைத் தன் தம்பி உலகநாதனிடம் விட்டுவிட வேண்டியதுதான் என்று மனைவி தையல்நாயகி தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

புல் மண்டியது. களைக்கொல்லி தெளிக்கப் பக்கிரியும் காத்தையனும் துணைக்கு வந்தார்கள். டேங்குக்கு மூன்று மூடி ஊற்றச் சொல்லியிருந்தார் கடைக்காரர். ஆளுக்கு மூன்று மூடி ஊற்றினார்கள். அவர் மூன்று பேரையும் பார்த்துத்தானே சொன்னார். நான்காம் நாள் புல்லோடு உளுந்தும் மஞ்சளாகிக் குன்றி நின்றது.

வேளாண்மை அலுவலர் அம்மா ஊருக்குப் புதியவர். அதனால் பொறுமையாகவே பேசினார். நுண்ணுயிர் உரப் பொட்டலம் நான்கு கொடுத்து, இதிலுள்ள நல்ல பாக்டீரியா வேரில் குடியேறி, மருந்தின் கடுமையைத் தாங்கப் பயிருக்குத் துணை நிற்கும், மக்கிய எருவில் கலந்து தூவித் தண்ணீர் விடுங்கள், பொட்டலத்தில் வெயில் படக்கூடாது என்றார்.

பொட்டலத்துக்குக் குடை பிடித்தபடி மூவரும் வெயிலில் வேர்த்து நடந்தார்கள். சொன்னபடியே தூவினார்கள். பயிர் மெல்லப் பச்சை பிடித்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

மறுபடி வந்த அலுவலர் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். "வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கு பாருங்க. இதுதான் வேலை செய்யுது. இனிமே இலையப் பாக்காதீங்க, வேரப் பாருங்க."

அவர் போனதும் வரப்பில் கூட்டம் கூடியது. தினமும் பிடுங்கிப் பார்த்து நட்டால் செடி அலுத்துப் போகும் என்றான் பக்கிரி. பார்க்காமல் இருந்தால் அந்தம்மா பேச்சைத் தட்டியதாகும் என்றான் காத்தையன்.

வைத்திலிங்கம் வெகுநேரம் யோசித்தார். "தலைகீழா நட்டுருவோம். வேர் எப்பவும் கண்ணு முன்னாடியே இருக்கும்."

மூன்று நாளில் வயல் முழுக்க வேர் வானத்தைப் பார்த்து நின்றது.

தையல்நாயகி தம்பியை அழைத்துக்கொண்டு வந்தாள். காய் எங்கே என்று கேட்டாள்.

"கடலை அடியில காய்க்கலையா?" என்றார் வைத்திலிங்கம்.

உலகநாதன் விவரமானவன் என்று பெயரெடுத்தவன். குந்தி உட்கார்ந்து ஒரு முடிச்சை நிமிண்டிப் பார்த்தான். "வேரெல்லாம் சரி மச்சான். அடியில கெடக்குற இலைக்கு வெயில் எப்படிப் போவும்?"

வைத்திலிங்கம், நிலம் போயிற்று என்றே நினைத்தார். சுற்றிலும் பார்த்தார். பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

"வாய்க்கால் வெட்டித் திருப்பிவிடுவோம்," என்றார்.

உலகநாதன் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினான். "எனக்கு இது தோணல பாருங்க. நெலம் ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

நான்கு மண்வெட்டிகள் இறங்கின. தையல்நாயகி வரப்பில் நின்று, மடையை அகலமாக வைக்கச் சொன்னாள்.

"உச்சி வெயில் ஒரேயடியா வந்துச்சுன்னா கரைய ஒடச்சிரும்."