இடக்கையைப் பின்னால் கட்டியவள்

முன்னொரு காலத்தில் மஞ்சனூர் நாட்டை இரணசிங்கன் என்றொரு ராஜா ஆண்டான். கோபம் வந்தால் கசையடி, குஷி வந்தால் பொற்கிழி, நடுவிலே ஒன்றும் கிடையாது! அவன் சபையில் எதைத் தொட்டாலும் இரண்டு கையாலும் தொடவேண்டும். ஒற்றைக் கை நீட்டியவன் தொலைந்தான்.

அந்த ஊர்க் கொல்லன் மகள் சிலம்பாயி, அருவியிலே சக்கரம் சுழலவிட்டு மின்சாரம் எடுத்து, கம்பி வழியாகக் கொண்டுவந்து விளக்கெரித்தாள். எண்ணெய் இல்லை, திரி இல்லை! ஆனால் பட்டறைப் பெண்ணை அரண்மனைக்குள் யார் விடுகிறார்கள்? கம்பியைச் சபைவரை இழுக்கவைத்து விளக்கை ராஜாவுக்குக் காட்டியவர் சபைப் பெரியவர் வாகீசர். "எல்லாம் அடியேன் கண்டுபிடிப்பு!" என்று கூசாமல் சொல்லிவிட்டார். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "வாகீசர் பெயரைக் கோட்டை வாசல் கல்லில் வெட்டுங்கள்!" என்றான்.

சேதி கேட்டுச் சிலம்பாயி காவலாளைத் தள்ளிவிட்டு சபைக்குள் ஓடிவந்தாள். "ராஜா, அது நான் பண்ணினது! மூணு வருஷம் ராப்பகலாப் பாடுபட்டிருக்கேன். என் பேரை அடுத்தவருக்குக் கொடுத்துடாதீங்க!" என்று வலக்கையால் விளக்கைக் காட்டினாள். இடக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"ஒற்றைக் கையா? என்ன திமிர்!" என்று ராஜா சீறினான்.

"மரியாதை தெரியாத இதுக்கு மின்சாரம் தெரியுமாக்கும்!" என்று சிரித்தார் வாகீசர்.

மந்திரி நல்லாதன் மட்டும் அந்த இடக்கையையே பார்த்தார். "கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா" என்று வெளியே போனார். சற்று நேரத்தில் திரும்பிவந்து, விளக்குக்கு வரும் கம்பியை நடுவில் வெட்டித் தொங்கவிட்டார். விளக்கு அணைந்திருந்தது.

"வாகீசரே, உங்கள் கையால் இணையுங்கள்."

வாகீசர் ராஜாவைப் பார்த்துக் குழைந்தார். பவ்வியமாக இரண்டு கையாலும் இரண்டு முனைகளையும் பிடிக்கப் போனார்.

"ஐயையோ, செத்துப்போவீங்க!" சிலம்பாயி பாய்ந்து, அவரை ஒரே தள்ளாகத் தள்ளினாள். மனுஷர் தலைப்பாகை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக விழுந்தார்.

"ரெண்டு கையாலும் பிடிச்சா மின்சாரம் நெஞ்சு வழியாப் போயிடும் ராஜா! அப்படிப் பிடிச்சு நான் மூணு நாள் பேச்சுமூச்சில்லாமக் கிடந்திருக்கேன். அதனால எங்க பட்டறையில எல்லாரும் இடக்கையைப் பின்னால வெச்சுக்கிட்டுத்தான் வேலை செய்வோம்."

"பயப்படாதே அம்மா, அருவிச் சக்கரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்" என்றார் மந்திரி. "மகாராஜா, செய்தவர் யாரென்று இன்னும் சொல்லவேண்டுமா?"

ராஜா எழுந்து நின்றான். "சிலம்பாயி, பேரைத் திருட வந்தவன் உயிரையே காப்பாற்றினாயே! உன் பெயரைத்தான் வெட்டுவேன். வேறென்ன வேண்டும்?"

"சக்கரம் செதுக்கின தச்சர் மூக்கையன் பேரும் வேணும். கம்பி இழுத்த காத்தாயி பேரும் வேணும். இன்னும் ஒம்பது பேர் இருக்காங்க."

"அத்தனை பெயருக்கும் கல்லில் இடம் போதாதே!" என்றான் பெயர் வெட்ட வந்திருந்த சிற்பி.

"அப்படியானால் பெரிய கல்லாகக் கொண்டுவாடா!" என்று ராஜா கத்தினான்.

அந்தக் கல்லை நாட்டிய நாள் முதல், ராஜா உத்தரவுப்படி, விளக்கேற்றும் வேளையில் வாகீசர்தான் கல்முன் நின்று, இடக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பெயரையும் உரக்கப் படிக்கவேண்டும். முதல் பெயர் வந்ததுமே கொல்லர் தெரு மொத்தமும் கூவும்: "அது எங்க பொண்ணு!"