எழுநூறு ஓலைத் தீர்ப்பு

சுபகிருது ஆண்டு ஆடி பத்தாம் நாள், நெடுங்கரை நாட்டு நீதிமன்றத்திலிருந்து பதினாறு வழக்குரைஞர்களை வீட்டுக்கு அனுப்பினார் கருவூல அதிகாரி அம்பலவாணர். சாட்சி, வாதம், விசாரணை எல்லாம் வீண் செலவு என்பது அந்த மேதையின் கண்டுபிடிப்பு. நாட்டில் அதிகம் வருவது மாடு மேய்ந்த வழக்கு. ஆகவே அதற்கான தீர்ப்பை எழுநூறு ஓலைகளில் மொத்தமாக, மலிவாக எழுதி வாங்கிவிட்டார். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. மனுவில் முதலில் கண்ணில் படும் பெயரை எழுத்தர் அதில் நிரப்புவார். வழக்கு முடிந்தது. மன்னர் கோதண்டவர்மருக்குப் பரம திருப்தி.

ஒரு காலை அரசவைக்குப் போகும் வழியில் மாட்டுப் பட்டியைக் கடந்தார் அவைப் புலவர் சாத்தையர். உள்ளே ஒரு பெண் அடைபட்டிருந்தாள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் மங்காயி.

"நீ ஏனம்மா இங்கே?"

"பக்கத்துத் தோட்டக்காரன் என் கிணத்தைப் பிடுங்கிக்கிட்டான்னு மனு குடுத்தேன் சாமி. மேய்ஞ்ச மாட்டை ஒப்படைக்கிற வரைக்கும் பட்டியில கிடன்னு எனக்கே தீர்ப்பு வந்திருக்கு."

"மாடு எங்கே?"

"எங்கிட்ட கோழிகூடக் கிடையாது. ஒண்ணை வாங்கியாவது குடுன்னு காவக்காரர் சொல்றார். தண்ணி பாய்ஞ்சு மூணு நாளாச்சு. கொடி காஞ்சா என் பொழைப்பு போச்சு சாமி."

சாத்தையர் நேரே அரசவைக்குப் போனார். அவையில் பணிவாக ஒரு மனுவை நீட்டினார்.

"அம்பலவாணர் அரசுக்குச் செய்த சேமிப்புக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும், மன்னா."

"அருமை! உடனே ஆணை கொடுங்கள்!"

அம்பலவாணர் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். எழுத்தர் பெயரை நிரப்பி உரக்க வாசித்தார்.

"அம்பலவாணர் என்பவர் பிறர் வயலில் மேய்ந்த தம் மாட்டை ஒப்படைக்க வேண்டும். அதுவரை பட்டியில் அடைபட வேண்டும்."

காவலர்கள் கையைப் பிடித்தார்கள்.

"என்னிடம் மாடே இல்லையே!"

"விசாரித்தால் தெரியும். விசாரணைதான் வீண் செலவாயிற்றே," என்றார் சாத்தையர்.

"எனக்காக யாராவது பேசுங்களேன்!"

"பேசுகிறவர்களை நீங்கள்தானே ஐயா அனுப்பினீர்கள்?"

"அந்த ஓலையைக் கிழித்துவிட்டு வேறு எடுங்கள்!"

"இன்னும் அறுநூற்றுச் சொச்சம் இருக்கிறது. எதை எடுத்தாலும் மாடுதான்," என்றார் எழுத்தர்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எழுநூறு ஓலைக்கும் ஒப்புதல் தந்தவர் தாம் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. சாத்தையருக்கு ஒரு முத்துமாலை பரிசளித்தார். மாலை வேண்டாம், மங்காயியை விடுவித்து வழக்கை விசாரித்தால் போதும் என்றார் சாத்தையர். அவளை அப்போதே விட்டார்கள். வழக்கைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

அதே ஆண்டு ஐப்பசி இரண்டாம் நாள் கிணற்று வழக்கு விசாரிக்கப்பட்டது. அரை நாழிகையில் முடிந்தது. கிணறு மங்காயியுடையது என்று தீர்ப்பானது. கொடிக்கால் ஆவணியிலேயே காய்ந்துவிட்டது.