தூணுக்குச் சொன்ன சேதி

"எவன்டா அது, மதகைத் திறந்தவன்? தண்ணி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்ல நாக்கு எழும்பலையா? வெளியே வா, உன் மூஞ்சியைப் பார்க்கணும்!"

அரண்மனை வாசலில் நின்று இப்படிக் கத்தினாள் குருவம்மா.

தாழையூர்ச் சீமையை வல்லப பூபதி என்றொரு ராஜா ஆண்ட காலம் அது. கோடையில் ஆறு வற்றினால் ஏழைகள் மணலில் குழி வெட்டி, எருப் போட்டு, ஊற்றுத் தண்ணீர் சுமந்து வெள்ளரி வளர்ப்பார்கள். மேலே அணையைத் திறப்பதற்கு முன்னால் ஆற்று மணலில் தமுக்கு அடித்துச் சொல்ல வேண்டும்; அது அந்தச் சீமையின் பழைய முறை. இந்தத் தடவை தமுக்கு வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. காய்த்த கொடியெல்லாம் போச்சு. குருவம்மாவின் அந்த வருஷக் கஞ்சியே அந்தக் கொடியில்தான் இருந்தது.

காவலர்கள் அவளைச் சபைக்குள் விட்டார்கள். ராஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிங்காதனத்தில் உட்காராமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். முதல் நாள் விருந்தில் அவருடைய அரைகுறை இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரத் துரை சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு ராஜாவைக் குடைந்தது.

"'ஸே' என்றாலும் சொல்வது, 'டெல்' என்றாலும் சொல்வது. அப்புறம் எதற்கய்யா ரெண்டு? சாயங்காலம் அவன் மறுபடி வருகிறானே!"

துரைமாரின் பேச்சை மொழிபெயர்த்து, ராஜாவுக்கு இங்கிலீஷும் கற்றுக்கொடுத்த துபாஷி அனந்தப்பர், தோளில் ஜரிகைத் துண்டோடு நின்று மீசையைத் தடவினார். "இலக்கணம் படித்தவர்களுக்கே பிடிபடாத நுட்பம், மகாராஜா. ஆறு மாசமாவது ஆகும்."

"சாயங்காலம் வருகிறான் என்கிறேன், ஆறு மாசம் என்கிறீர்!"

"ராஜா, என் வெள்ளரி... சொல்லாம மதகைத் திறந்து எல்லாம் தண்ணியோட போச்சு," என்றாள் குருவம்மா.

"மதகைத் திறக்கச் சொன்னது யார்?" என்று நடந்தபடியே கேட்டார் ராஜா.

"அடியேன்தான்," என்றார் துபாஷி. "துரை படகு விடத் தெப்பக்குளம் நிரம்ப வேண்டாமா? முறைப்படி தமுக்கு அடித்துச் சொல்லியாயிற்று."

"எங்கே அடிச்சீங்க?"

"அரண்மனை முற்றத்தில். இந்த வெயிலில் ஆற்றுக்கு யார் போவது? சொன்னது சொன்னதுதானே?"

"சொல்லியிருக்கிறாரே பெண்ணே, போ, போ," என்று ராஜா மறுபடி குறுக்கும் நெடுக்குமாக நடக்கத் தொடங்கினார்.

குருவம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. சந்தையில் எத்தனையோ தரகர்களை மடக்கியவள், இந்த ஜரிகைத் துண்டுக்கா பயப்படுவாள்? அப்போதுதான் சிங்காதனத்தைக் கவனித்தாள். துரைக்காகக் கட்டிய மாவிலைத் தோரணத்திலிருந்து முசுறு எறும்புகள் வரிசையாக மெத்தையில் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் நேரே கடைசித் தூணுக்குப் போய், அதற்குக் காது இருப்பது போலக் குனிந்து, "மெத்தையில எறும்பு இருக்கு, உட்காராதீங்க," என்று முணுமுணுத்தாள்.

"தூணோடு பேசுகிறாள், பைத்தியம்!" என்று துபாஷி சிரித்தார்.

நடந்து களைத்த ராஜா தொப்பென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். குதித்தார், உதறினார், தலைப்பாகை ஒரு பக்கம் பறந்தது.

"ஐயோ, எறும்பு! ஒருத்தனும் சொல்லவில்லையே!"

"நான் சொன்னேனே, ராஜா."

"யாரிடம்?"

"அந்தத் தூண்கிட்ட."

"அடிப் பாவி! கடிபடுகிறவன் நான்! தூணிடம் சொன்னால் அது சொன்னதில் சேர்த்தியா?"

"சேர்த்தி இல்லையா? அப்போ முற்றத்துல அடிச்ச தமுக்கு எதுல சேர்த்தி?"

சொறிந்துகொண்டிருந்த ராஜாவின் கை அப்படியே நின்றது. முகம் மலர்ந்தது.

"வாயைத் திறந்து ஒன்றை உதிர்த்தால் 'ஸே'. ஓர் ஆளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் 'டெல்'! துபாஷியாரே, இதற்கா ஆறு மாசம்?"

சபை கொல்லென்று சிரித்தது. துபாஷி தலையைத் தொங்கப் போட்டார். ராஜா முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். குருவம்மா அதை வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். ஆனால் நகரவில்லை.

"இன்னும் என்ன பெண்ணே?"

"இது உங்களுக்கு இங்கிலீஷ் விளங்க வச்ச கூலி. என் வெள்ளரி வழக்கு அப்படியேதான் நிக்குது."

துபாஷி பக்கம் திரும்பினாள்.

"கோடை இன்னும் பாக்கி இருக்கு, சாமி. அந்தத் துண்டை அவுத்து வச்சிட்டு மண்வெட்டியைத் தூக்குங்க. குழி வெட்டுங்க, எருச் சுமங்க, காய் பிடிக்கிற வரைக்கும் தண்ணி ஊத்துங்க. அழிச்சது நீங்க, ஆக்கிக் குடுக்க வேண்டியதும் நீங்கதான். ம், நடங்க!"