பாதி விலைக் கயிறு

கடலில் முத்து அள்ளிய காலம் அது. கடற்கரையோரம் ஒரு சின்ன ராஜ்யம். நெடுவழுதி என்று ஒரு ராஜா. நல்ல மனுஷர்தான். ஆனால் "பாதி விலை" என்று யாராவது காதில் ஓதிவிட்டால் போதும், அவருக்குத் தலைகால் புரியாது.

பொக்கிஷக்காரர் திருமேனிக்கு இது நன்றாகத் தெரியும். ஒருநாள் சபையில் வந்து நின்றார்.

"ராஜா, முத்துக்குளிக்கிறவர்களுக்குக் கயிறு, மூக்குக் கவ்வி, காலில் கட்டும் கல், எல்லாம் பாதி விலைக்கு வந்திருக்கிறது. ஒன்று வாங்கினால் ஒன்று இனாம்."

"அட, யார் தருகிறார்கள்?"

"கோடியப்பன். வெளியூர் வியாபாரி. என் மனைவியின் அண்ணன்தான்."

அதுவரை கரையில் இருந்தது ஒரே கடை, பூரணத்தம்மாளுடையது. விலை கூடத்தான். ஆனால் அவள் ஒவ்வொருவர் மூக்கையும் நூல் பிடித்து அளந்துதான் கவ்வி செய்வாள். ஒவ்வொரு கயிற்றிலும் தன் இரண்டு மருமகன்களையும் தொங்கவிட்டுப் பார்த்துத்தான் விற்பாள். மருமகன்களுக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

கோடியப்பனின் கவ்விகளோ எல்லாம் ஒரே அளவு. அவனுடைய மூக்கின் அளவு. அது பெரிய மூக்கு.

ராஜா வண்டியோடு வாங்கிவிட்டார். "நாளை மறுநாள் முதல் கடலில் இந்தச் சரக்குதான் இறங்க வேண்டும். எதிர்த்துப் பேசுகிறவன் வேலையை விட்டுப் போகலாம்" என்று உத்தரவும் போட்டார்.

அன்று சாயங்காலம், ராஜாவைச் சிரிக்க வைத்தே சம்பளம் வாங்கும் தாண்டவன் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் வடிவு. இடுப்பில் கைக்குழந்தை, கையில் புதுக் கயிறு.

"என் வீட்டுக்காரர் இதைக் கட்டிக்கிட்டு இறங்கணுமாம், அய்யா. பிரிச்சுப் பார்த்தேன். உள்ளே வைக்கோல். இவன் இப்பத்தான் அப்பா முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிச்சிருக்கான்."

"எதிர்த்துப் பேசினால் என் வேலை போய்விடுமே, தாயி."

"எதிர்த்துப் பேசாதீங்க. வேற ஏதாவது பண்ணுங்க."

தாண்டவன் யோசித்தான். "உங்கள் பக்கம் கயிற்றை யார் வாங்குவார்கள்?"

"என் அண்ணன்தான். எல்லா வீட்டிலும் அப்படித்தான். தோணியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடிக்கிறது மச்சான்தானே? தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் இருக்குதுன்னு விடமாட்டான். வாங்கும்போது நாங்களும் பக்கத்திலேயே நிப்போம். யாரும் பேரம் பேச மாட்டாங்க."

தாண்டவன் முகம் மலர்ந்தது. "காலையில் எல்லாப் பெண்களும் சபைக்கு வாருங்கள். பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு."

மறுநாள் சபை சந்தையாகிவிட்டது. வடிவு நேராக அரியணைக்கு முன்னால் போனாள்.

"சௌக்கியமா, அண்ணா?"

ராஜா திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. "யாரை அண்ணா என்கிறாய்?"

"தங்களைத்தான்" என்றான் தாண்டவன். "நான் உத்தரவை எதிர்க்கவில்லை, ராஜா. கொண்டாடுகிறேன். இந்தக் கரையில் கயிறு வாங்குகிறவன் பெண்ணின் அண்ணன். இந்த வருஷம் எல்லாக் கயிற்றையும் வாங்கியவர் தாங்கள். ஆகையால் இவர்கள் எல்லோரும் தங்கள் தங்கைகள்."

ராஜாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள்.

"அண்ணா, பெரியவனுக்குக் காதுகுத்து. கடுக்கன் மாமன் சீர்தானே?"

"எனக்கு வளைகாப்பு. பட்டும் வளையலும் அனுப்பிடுங்க."

"எங்களுக்குத் தொட்டில் போதும். வெள்ளியில்."

அதற்குள் வடிவு தன் பிள்ளையை ராஜாவின் மடியில் உட்காரவைத்தாள். அவன் ராஜாவைப் பார்த்துச் சிரித்தான். பிறகு பட்டு வேட்டியை நனைத்தான்.

"மாமன் மடின்னு கண்டுபிடிச்சிட்டான்" என்றாள் வடிவு.

ராஜா குனிந்து, "தாண்டவா, பாதி விலை என்றார்களே" என்றார்.

"கயிறு பாதி விலைதான், ராஜா. தங்கைகள் முழு விலை."

சபை குலுங்கியது. வடிவு மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றின் நுனியை ராஜாவின் கையில் வைத்தாள்.

"சீர் ஒண்ணும் வேண்டாம், அண்ணா. நாளைக்குத் தோணிக்கு வாங்க. இவன் அப்பா இறங்குவார். நீங்க இதைப் பிடிங்க. அறுந்துபோச்சுன்னா கரைக்கு வந்து எங்கிட்டே சொல்லுங்க."

ராஜா கயிற்றைப் பார்த்தார். மடியில் இருந்தவனைப் பார்த்தார். கயிற்றிலிருந்து ஒரு வைக்கோல் துரும்பு அவர் விரலோடு வந்தது.

"இதை நான் பிடிக்க மாட்டேன்" என்றார்.

கோடியப்பன் முன்னால் ஓடிவந்தான். "அருமையான கயிறு, ராஜா. யானையைக் கட்டலாம்."

"அப்படியானால் கவலையே இல்லை" என்றான் தாண்டவன். "நாளைக்கு முதலில் பொக்கிஷக்காரர் இறங்கட்டும். மச்சான் கோடியப்பன் கயிற்றைப் பிடிக்கட்டும். வழக்கத்துக்கு அப்படியே பொருந்துகிறது."

"சபாஷ்" என்றார் ராஜா. "அந்தக் கயிற்றை எங்கே வாங்குவது என்பதும் பெண்ணின் அண்ணனான கோடியப்பன் இஷ்டம்."

மறுநாள் பூரணத்தம்மாள் கடையைத் திறக்கும் முன்பே வாசலில் ஒருவன் நின்றான். கோடியப்பன். பக்கத்தில் அவன் தங்கை கோமளம், திருமேனியின் மனைவி, அண்ணனின் மேல்துண்டை இறுகப் பிடித்தபடி. கவிழ்த்துப் போட்ட தோணிக்குப் பின்னால் ராஜாவும் தாண்டவனும் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க கயிறுதான் வண்டி நிறைய வந்திருக்குதே, அய்யா?" என்றாள் பூரணத்தம்மாள்.

கோடியப்பன் தங்கையை ஒருதரம் பார்த்தான். "இருப்பதிலேயே நல்ல கயிறாகக் கொடுங்கள், அம்மா."

"விலை..."

"விலையை யார் கேட்டது?"

"சரி, இருங்க. மருமகன்களைக் கூப்பிடறேன். தொங்கிப் பார்க்காமல் தரமாட்டேன்."

இரண்டு மருமகன்களும் வந்து தொங்கினார்கள். கயிறு அசையவில்லை. அப்போதுதான் கோமளம் வாயைத் திறந்தாள்.

"மூணாவது மருமகன் இல்லையாம்மா?"

தோணிக்குப் பின்னால் ராஜா சிரித்த சிரிப்பில் கரைக் காக்கைகள் எல்லாம் எழும்பின. உத்தரவு அங்கேயே ரத்தானது. திருமேனி இறங்காமலே பிழைத்தார். தாண்டவன் கையில் தங்கக் காப்பு ஏறியது. வடிவின் புருஷன் அவள் அண்ணன் வாங்கிய கயிற்றில் இறங்கி, கூடை நிறையச் சிப்பியோடு மேலே வந்தான்.

பிள்ளைக்குக் காதுகுத்து ராஜாவின் மடியில்தான் நடந்தது. இந்தத் தடவை ராஜா முன்கூட்டியே ஒரு பழைய துணியை விரித்துக்கொண்டார்.