சுனைக்குக் கொண்டுபோன தண்ணீர்

“எங்க ஊர்ச் சுனையில ஈயம் இருக்குதுங்க மேடம். மூணு மாசமா, எடுத்த மூணு தடவையும் இருக்குது” என்றார் பொன்னுரங்கம்.

சொல்லிக்கொண்டே ஆய்வு அறிக்கையை மேசைமேல் வைத்தார். அந்த அறிக்கையில் செண்பகவல்லி கையெழுத்துப் போட்டால் சுனையை மூடிவிடுவார்கள். மலைமேல் நாற்பது வீட்டுக்கும் குடிதண்ணீர் அது ஒன்றுதான்.

நீர் ஆய்வுக்கூடத்தில் அவள் ஆசிரியை, அவர் மாணவர். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, அவளுக்கு முப்பத்து நான்கு. இந்த வயதில் என்ன படிப்பு என்று ஊரும் கேலி பேசி ஓய்ந்துவிட்டது.

அவள் பேனாவை எடுக்கவில்லை. மூடிய சின்னப் புட்டி ஒன்றை நீட்டினாள்.

“இதுல என்னங்க?”

“சுத்தத் தண்ணி. எதுவுமே கலக்காதது. சுனைக்குக் கொண்டு போங்க. எப்பவும் செய்யற மாதிரியே எல்லாம் செய்யுங்க. சுனைத் தண்ணியை மட்டும் தொடாதீங்க. இதைத் திறந்து, மூடி, எடுத்துட்டு வாங்க.”

தண்ணீரை மலைக்குச் சுமந்துபோய்த் திரும்பவும் சுமந்து வருவதா? மனிதருக்குக் கோபம்தான். ஆனாலும் போனார்.

விடியலில் மலையே மேகத்துக்குள் இருந்தது. பாதை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு இல்லை. நடப்பது தான்தானா என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது. எங்கோ சுனை மட்டும் தூக்கத்தில் பேசுவதுபோல முனகிக்கொண்டிருந்தது.

சுனைக்குச் சற்றுத் தள்ளிக் கன்னிமார் கல். உறை போட்ட கையோடு தெய்வத்தின் முன்னால் எப்படி நிற்பது? வழக்கம்போலக் கையுறையைக் கழற்றினார். கல்லுக்குக் குங்குமம் வைத்து, தன் நெற்றியிலும் இட்டுக்கொண்டார்.

“தண்ணியைக் காப்பாத்திக் குடுங்க தாயே.”

அதே விரல்களால் புட்டியைத் திறந்து மூடினார்.

ஆய்வுக்கூடத்தில் கருவி வெகுநேரம் முணுமுணுத்தது. கடைசியில் எண் வந்தது. சுனைநீருக்கு வந்த கிட்டத்தட்ட அதே எண்.

“மேடம், இது நீங்க குடுத்த தண்ணிங்க. சுனையைத் தொடவே இல்லைங்க.”

“ஆமா.”

“அப்ப ஈயம் எங்கிருந்து வந்துச்சுங்க?”

அவள் ஈரப்பஞ்சு ஒன்றைக் கொடுத்தாள். “நெத்தியைத் துடைச்சுக் குடுங்க.”

பஞ்சில் ஒட்டியதைக் கரைத்துக் கருவிக்குள் விட்டாள். எண் எங்கோ எகிறிப் போனது.

“கடைக் குங்குமம்” என்றாள். “சிவப்புத் தூக்கலா இருக்கணும்னு சிலபேர் ஈயச் செந்தூரம் கலந்துடறாங்க.”

பொன்னுரங்கம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் சுனை மேல் குற்றமில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வயதிலும் விசும்பி அழுதுவிட்டார்.

அவள் அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுப் புட்டியையும் புதுக் கையுறையையும் எடுத்து வைத்தாள்.

அவர் தயங்கினார். “இனிமே நான் கன்னிமாரைக் கும்பிடக் கூடாதுங்களா?”

“நல்லாக் கும்பிடுங்க” என்றாள் செண்பகவல்லி. “தண்ணியை எடுத்துட்டு.”