ராஜா புல்லில் இறங்கிய கதை

இந்தக் கதையைப் பல வருஷம் நான் நம்பவில்லை. தான் போட்ட சட்டத்தை ஒரு ராஜா தானே மறப்பாரா? எனக்கு இதைச் சொன்னவர் எங்கள் கோயிலுக்குத் தண்ணீர் சுமக்கும் குழந்தைவேலு. அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

வெகுகாலம் முன்னே கூடற்காட்டுச் சீமையை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டார். குளத்திலிருந்து அம்மன் கோயிலுக்கு வளைத்து வளைத்துக் கல்பாதை போட்டு, நடுவில் தன் சிலையையும் நிறுத்தினார். ஜனங்களோ பக்கத்துப் புல்வெளியில் குறுக்கே நடந்து தடம் போட்டுவிட்டார்கள்.

"திருவுருவத்துக்கு முதுகைக் காட்டிப் போகிறார்கள் பிரபோ! அமைச்சர் சேந்தன் கொடுக்கும் இடம்!" என்று தூபம் போட்டார் தளவாய் மாறப்பன்.

புல்லை மிதித்தால் பன்னிரண்டு கசையடி என்று முரசறைந்தார்கள். அன்றே தண்ணீர்க்காரி வெள்ளாத்தா பிடிபட்டாள்.

"ஏன் மிதித்தாய்?" என்றார் ராஜா.

"மிதிக்கலியே சாமி, நடந்தேன்."

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

சேந்தன் பல நாள் மேல்மாடத்தில் நின்று ஜனங்கள் நடப்பதைப் பார்த்தவர். வெறுங்குடத்தோடு போகிறவர்கள் சிலையை வேடிக்கை பார்த்தபடி கல்பாதையில் போவார்கள். குடம் நிறைந்ததும் அதே கால்கள் புல்லில் இறங்கும்.

"அடியை நாளைத் திருவிழா முடிந்து கொடுக்கலாம் பிரபோ," என்றார்.

"அதற்குள் இவள் ஓடிவிட்டால்?" என்றார் தளவாய்.

"என் முதுகு இங்கேதானே இருக்கும்!" என்றார் சேந்தன்.

திருவிழாவன்று ராஜாவும் தளவாயும் வெறுங்காலோடு குடம் சுமந்து வரவேண்டும், வழியில் இறக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். காலையில் காலிக்குடத்தோடு, தன் சிலையை ரசித்தபடி ராஜா கல்பாதையில் போனார். குளக்கரைப் பூசை முடிவதற்குள் சித்திரை வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. திரும்பும்போது குடம் தோளை அழுத்தியது. கல் காலைச் சுட்டது. முதல் வளைவிலேயே ராஜாவின் கால் புல்லில் இறங்கியது. பின்னாலேயே தளவாயின் காலும்.

கோயில் வாசலில் சேந்தன் கசையோடு நின்றார். பக்கத்தில் வெள்ளாத்தா.

"இப்போது மூன்று பேர் பிரபோ. யாரிலிருந்து தொடங்கட்டும்?"

தளவாய் பதறினார். "ராஜா போனார், நான் பின்னால் போனேன்!"

"ஊர் போனது, இவள் பின்னால் போனாள்," என்றார் சேந்தன். "காலிக்குடத்துக்குச் சிலை தெரியும். நிறைகுடத்துக்குக் கோயில் மட்டும்தான் தெரியும்."

ராஜா குடத்தை அம்மன் முன் இறக்கிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "வெறுங்கையோடு நின்று பாதை போட்டிருக்கிறேனே சேந்தா!" முத்துமாலை அமைச்சர் கழுத்துக்குப் போனது. வெள்ளாத்தா விடுதலையானாள். தடத்தின் ஓரமெல்லாம் வேப்பங்கன்று நட்டு, அவை நிழல் தரும்வரை தண்ணீர் சுமப்பது தளவாயின் வேலை.

"சிலையையும் அங்கே வைப்போமா?" என்றார் ராஜா.

"ஓரமா வையுங்க சாமி, குடம் இடிக்கும்," என்றாள் வெள்ளாத்தா.

போன மாதம் குழந்தைவேலுவிடம் ஒருவழியாகக் கேட்டேவிட்டேன்:

"ராஜா மறந்துபோய்ப் புல்லில் இறங்கினாரா, இல்லை, வெள்ளாத்தாவின் முதுகை நினைத்து வேண்டுமென்றே இறங்கினாரா?"